வீட்டுப் பக்கத்திலேயே டவர், ஆனால் போனில் ஒரு புள்ளிதான்

கேள்வி: பேராவூரணிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. தென்னந்தோப்புக்கு நடுவே வீடு. போன வருஷம் வீட்டிலிருந்து சுமார் 150 மீட்டரில் ஒரு செல்போன் டவர் வந்தது. ஆனாலும் என் போனில் சமையலறையில் ஒரு புள்ளிதான், மொட்டை மாடியில் இரண்டு. கணவர் வேறு கம்பெனி சிம் வைத்திருக்கிறார், அவருக்கு வீட்டுக்குள்ளேயே முழுப் புள்ளி. ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் அதிலும் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. எங்கள் பள்ளியின் கம்ப்யூட்டர் ஆசிரியர் சொல்லி போனில் சிக்னல் அளவைப் பார்த்தேன்: என் போன் சமையலறையில் மைனஸ் 116, மாடியில் மைனஸ் 101, கணவர் போன் சமையலறையில் மைனஸ் 72. புதிதாக வாங்கிய என் 5ஜி போனில் சார்ஜும் நிற்பதில்லை. இதற்கிடையில், கதிர்வீச்சு வருகிறது, டவரை எடுக்க வேண்டும் என்று ஊரில் மனு எழுதி என் கையெழுத்தையும் கேட்கிறார்கள். என் மகள் அடுத்த மாதம் பிரசவத்துக்கு வருகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

பதில்: வணக்கம் டீச்சர். அந்த மூன்று எண்களையும் எழுதி அனுப்பினீர்களே, அதற்கு முதலில் நன்றி. செல்போன் நெட்வொர்க்கில் ரேடியோ பிரிவில் வேலை பார்க்கிற எனக்கு, பாதி விஷயத்தை அந்த எண்களே சொல்லிவிட்டன. உங்கள் கடிதத்தில் நான்கைந்து கேள்விகள் இருந்தாலும் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான். டவர் நம்மிடம் பேசுகிறது, நம் போனும் டவரிடம் பேச வேண்டியிருக்கிறது. இந்த இரண்டாவது பாதியை எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

சரி, எண்களிலிருந்து தொடங்குவோம். அவை டிபிஎம் என்ற அளவில் வருபவை. மைனஸ் என்பதால் எண் பெரிதாகப் பெரிதாக சிக்னல் குறைவு என்று பொருள். ஒவ்வொரு பத்துக்கும் பத்து மடங்கு வித்தியாசம். கணவர் போனின் 72-க்கும் உங்கள் போனின் 116-க்கும் நடுவே 44 இருக்கிறது. அதாவது அதே சமையலறையில், அதே இடத்தில், அவர் போனுக்கு வருவதில் ஏறக்குறைய 25,000-ல் ஒரு பங்குதான் உங்கள் போனுக்கு வருகிறது. சுவர், கூரை, தென்னை எல்லாம் இருவருக்கும் பொது. ஆகவே முக்கியக் காரணம் வீட்டில் இல்லை. உங்கள் சிம் அந்த டவரோடு பேசவே இல்லை. இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வேறு ஏதோ டவரோடு பேசிக்கொண்டிருக்கிறது.

இது பலருக்கும் தெரியாத விஷயம். இந்தியாவில் பெரும்பாலான டவர்களைக் கட்டி வைத்திருப்பவை டவருக்கென்றே இருக்கும் தனி நிறுவனங்கள். அவர்கள் இரும்புக் கம்பத்தையும், கரண்ட்டையும், பேட்டரியையும், டீசல் ஜெனரேட்டரையும் பார்த்துக்கொள்வார்கள். ஜியோவோ ஏர்டெல்லோ வோடபோன் ஐடியாவோ பிஎஸ்என்எல்லோ அதில் வாடகைக்கு இடம் பிடித்துத் தங்கள் ஆன்டெனாவை மாட்டுவார்கள். உங்கள் கம்பெனி அங்கே இன்னும் மாட்டவில்லை என்றால், டவர் உங்கள் வாசலிலேயே நின்றாலும் உங்கள் சிம்முக்கு அது வெறும் இரும்புதான்.

ஒருநாள் சாயங்காலம் கீழே நின்று அந்த டவரை நிதானமாகப் பாருங்கள். ஓர் ஆள் உயரத்துக்கும் கூடுதலாக நீளமான, வெள்ளை அல்லது சாம்பல் நிறப் பட்டைப் பெட்டிகள் மூன்று திசையில் இருக்கும். அவைதான் நம் போன்களோடு பேசும் ஆன்டெனாக்கள். ஒவ்வொன்றும் 120 டிகிரியைப் பார்த்துக்கொள்ளும்; எங்கள் பேச்சில் அது ஒரு செக்டர். ஒரு கம்பெனிக்குப் பெரும்பாலும் மூன்று செக்டர். நீளப் பட்டைக்குப் பக்கத்தில் குட்டையாக, அகலமாக ஒரு பெட்டி இருந்தால் அது பெரும்பாலும் 5ஜி. மேளம் மாதிரி வட்டமாக இருப்பதைப் பார்த்துத்தான் ஊரில் அதிகம் பயப்படுகிறார்கள். அது நம்மை நோக்கி எதையும் அனுப்புவதே இல்லை. ஃபைபர் கேபிள் வராத இடத்தில் அடுத்த டவரோடு தொடர்புக்காக வைப்பது அது. ஊசி மாதிரி மெல்லிய கற்றையாக, பெரும்பாலும் ஒரு வாட்டுக்கும் குறைவான சக்தியில், தலைக்கு மேலேயே டவர் விட்டு டவர் போய்விடும். ஆன்டெனாவுக்குப் பின்னால் தொங்கும் சதுரப் பெட்டி ரேடியோ யூனிட். கீழே பீரோ மாதிரி இருப்பதில்தான் கணக்குப் போடும் மின்னணுச் சாதனங்களும் 48 வோல்ட் பேட்டரிகளும் இருக்கின்றன. எந்தெந்தக் கம்பெனி அந்த டவரில் இருக்கிறது என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் இணையதளத்தில் வரைபடத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இனி கற்றை எப்படி விழுகிறது என்று பார்ப்போம். உங்கள் மனுவுக்கும் இதற்கும் நேரடி சம்பந்தம் இருக்கிறது. ஆன்டெனா, குண்டு பல்பு போல எல்லாப் பக்கமும் கொட்டுவதில்லை. பக்கவாட்டில் அகலமாகவும், மேல் கீழாக மிகவும் ஒல்லியாகவும், ஏழெட்டு டிகிரிக்குள் குவித்து அனுப்பும். அதைக் கொஞ்சம் கீழே சாய்த்து வைப்போம், டில்ட் என்போம். ஆன்டெனா 36 மீட்டர் உயரத்தில் இருந்து 4 டிகிரி சாய்வு வைத்தால், கற்றையின் நடுப்பகுதி தரையைத் தொடும் இடம் டவரிலிருந்து 515 மீட்டரில் வரும். 150 மீட்டரில் இருக்கும் உங்கள் வீட்டிலிருந்து ஆன்டெனாவைப் பார்த்தால் கோணம் சுமார் 13 டிகிரி. அதாவது முக்கியமான கற்றை உங்கள் வீட்டுக்கு மேலே தாண்டிப் போகிறது, உங்களுக்கு விழுவது அதன் ஓரத்துச் சிதறல். பக்கத்தில் இருப்பதால் அந்தச் சிதறலே போதும், கணவர் போனுக்கு முழுப் புள்ளி கிடைத்துவிடுகிறது. இந்தச் சாய்வை வைப்பதும் ஒரு காரணத்தோடுதான். 4ஜியில் பக்கத்துப் பக்கத்து டவர்கள் எல்லாம் ஒரே அலைவரிசையைத்தான் பயன்படுத்துகின்றன. ஒன்றின் கற்றை அடுத்ததன் எல்லைக்குள் நெடுந்தூரம் நுழைந்தால் இரண்டு பக்கமும் குழப்பம். ஒரு டிகிரி கூட்டுவதா குறைப்பதா என்று நாங்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து பார்ப்பது இதற்காகத்தான்.

அலைவரிசைக்கு வருகிறேன். நம் நாட்டில் செல்போனுக்கு 700 மெகாஹெர்ட்ஸிலிருந்து 3300-க்கு மேல் வரை பல பேண்டுகளும் (அலைவரிசைத் தொகுப்புகள்), அதற்கும் மேலே 26 கிகாஹெர்ட்ஸும் ஒதுக்கியிருக்கிறார்கள். எண் குறைவாக இருந்தால் அலைநீளம் அதிகம். 700-க்கு அலைநீளம் 43 சென்டிமீட்டர், 900-க்கு 33, 1800-க்கு 17, 5ஜி அதிகம் ஓடும் 3500-க்கு ஒன்பதுக்கும் குறைவு. நீள அலை தோப்பைத் தாண்டி, சுவரைத் துளைத்து, மூலையைச் சுற்றி வளைந்துகூட வரும். குட்டை அலையை ஒரு கான்கிரீட் சுவரும், மழையில் நனைந்த இலைகளும் நன்றாகவே விழுங்கிவிடும். ஆனால் நீள அலைப் பேண்டுகளில் இடம் குறைவு, ஒரு கம்பெனிக்கு 5 அல்லது 10 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தாலே பெரிது. 3300-ல் ஒரே கம்பெனிக்கு 100 மெகாஹெர்ட்ஸ் வரை கிடைக்கும், வேகம் அங்கேதான். எட்டும் தூரமும் வேகமும் சேர்ந்து ஒரே பேண்டில் கிடைப்பதில்லை. டவர் வைக்கிறவர்களுடைய பாதிக் கவலை இதுதான்.

உங்கள் சமையலறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மாடியில் 101, சமையலறையில் 116. வெளியே இருப்பதில் முப்பதில் ஒரு பங்குதான் உள்ளே வருகிறது. தகரக் கூரையோ, அலுமினியத் தாள் ஒட்டிய வெப்பத் தடுப்பு ஷீட்டோ போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். உலோகத் தகடு ரேடியோ அலையைக் கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பிவிடும், அப்புறம் ஜன்னல் வழியாக வருவதுதான் வரவு.

போன் பேசும் பக்கத்தைப் பற்றி இப்போது சொல்கிறேன். டவரில் ஒரு ரேடியோ 40 வாட், 80 வாட் என்று அனுப்பும். உங்கள் போனால் 4ஜியில் அதிகபட்சம் முடிவது 200 மில்லிவாட், அதாவது ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. கோயில் மைக்செட்டில் கூப்பிட்டால் ஊர் எல்லைக்கும் கேட்கும், ஆனால் எல்லையில் நிற்கிறவர் வெறும் தொண்டையால் பதில் சொன்னால் கோயிலுக்குக் கேட்காது. டவரின் காது மிகவும் கூர்மையானது என்பதால்தான் இந்த ஏற்பாடே நடக்கிறது. அப்படியும் சில நேரம் போனில் இரண்டு புள்ளி இருக்கும், நீங்கள் பேசுவது மட்டும் எதிராளிக்கு விட்டு விட்டுக் கேட்கும். போனில் காட்டும் புள்ளிகள் டவரிடமிருந்து வருவதை மட்டுமே காட்டுபவை. நீங்கள் அனுப்புவது போய்ச் சேர்ந்ததா என்பதை அவை சொல்வதில்லை.

டவர் பக்கத்தில் இருந்தால் போன் கத்த வேண்டியதில்லை. "போதும், குறைத்துக்கொள்" என்று டவர் ஒவ்வொரு நொடியிலும் பலமுறை போனுக்குக் கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கும். கணவர் போன் சமையலறையில் ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவாகவே பேசிக்கொண்டிருக்கும். உங்கள் போன் மைனஸ் 116-ல் இருப்பதால் தன்னால் முடிந்த 200 மில்லிவாட்டையும் போட்டுக் கத்துகிறது. சார்ஜ் ஏன் நிற்கவில்லை என்பதற்கான பதில் இதிலேயே இருக்கிறது. அதோடு, 5ஜி கிடைக்குமா என்று போன் தேடிக்கொண்டே இருக்கும். 5ஜி ஆன்டெனாவில் பல சிறு ஆன்டெனாக்கள் சேர்ந்து உங்கள் போனை நோக்கி மட்டும் கற்றையைக் குவிக்கும், அதனால் டவர் பேசுவது தூரத்துக்கும் எட்டிவிடும். உங்கள் போனின் பதில் அந்தக் குட்டை அலையில் அவ்வளவு தூரம் எட்டாது. உடனே 4ஜிக்குத் தாவும், கொஞ்ச நேரத்தில் மறுபடி 5ஜியைத் தேடும். வீட்டில் இருக்கும்போது போன் செட்டிங்ஸில் சிம் பகுதிக்குப் போய் 4ஜியை மட்டும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பேட்டரியில் வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

ராத்திரி எட்டு மணிக்குக் கணவர் போனில் வீடியோ சுற்றுவது வேறு நோய். புள்ளிகள் சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பதைச் சொல்கின்றன, எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்பதை அல்ல. 10 மெகாஹெர்ட்ஸ் 4ஜி உள்ள ஒரு செக்டரால் ஏட்டளவில் நொடிக்குச் சுமார் 75 மெகாபிட் வேகம் தர முடியும். அது அந்தத் திசையில் இருக்கும் எல்லா வீடுகளுக்கும் சேர்த்து. ஓரத்தில் மோசமான சிக்னலில் ஒருவர் வீடியோ பார்த்தால் அவருக்காக மட்டுமே நிறைய நேரத்தைச் செலவழிக்க வேண்டியிருப்பதால், நடைமுறையில் அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே நல்லது. இதைச் சரிசெய்ய வேண்டியது கம்பெனிதான்; இன்னொரு பேண்டைச் சேர்க்க வேண்டும், அல்லது இன்னொரு இடத்தில் டவர் போட வேண்டும். ஊரில் பலரும் நேரத்தைக் குறிப்பிட்டு, "இரவு 8 முதல் 10 வரை" என்று புகார் பதிவு செய்யுங்கள். "நெட் சரியில்லை" என்று பொத்தாம்பொதுவாக வரும் புகாரைவிட இப்படி எழுதியது எங்கள் மேஜைக்கு வந்தால், அந்த செக்டரின் அந்த நேரத்துக் கணக்கை உடனே எடுத்துப் பார்க்க முடியும்.

சரி, கதிர்வீச்சுக்கு வருவோம். உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மகள் பிரசவத்துக்கு வரும் வீட்டில் எந்தத் தாயும் கேட்கிற கேள்விதான் இது. கணக்கை உங்கள் முன்னாலேயே போடுகிறேன், நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஒரு செக்டரில் 80 வாட் என்று வைத்துக்கொள்வோம். ஆன்டெனா அதை 50 மடங்கு குவிக்கிறது. கற்றையின் நடுவே அது 4,000 வாட் போலச் செயல்படும். உங்கள் வீட்டுக்கு வருவது ஓரத்துச் சிதறல் என்றேன் அல்லவா, அது பொதுவாக நடுக்கற்றையில் முப்பதில் ஒரு பங்கு: சுமார் 130 வாட். 150 மீட்டர் தூரத்துக்குள் அது விரிந்து பரவும் கோளத்தின் பரப்பு 2.8 லட்சம் சதுர மீட்டர். வகுத்தால், ஒரு சதுர மீட்டருக்கு அரை மில்லிவாட்டுக்கும் சற்றுக் குறைவு. இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் இருக்கும் வரம்பு, சர்வதேச வழிகாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கு. 900 மெகாஹெர்ட்ஸுக்கு அது சதுர மீட்டருக்கு 450 மில்லிவாட். உங்கள் வீட்டில் இருப்பது அதில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு. மூன்று கம்பெனி, நாலைந்து பேண்ட் என்று பத்து மடங்கு கூட்டிக்கொண்டாலும் நூறில் ஒரு பங்கு. இதே கணக்கை 515 மீட்டரில், நடுக்கற்றை விழும் இடத்தில் போட்டால் 1.2 மில்லிவாட் வருகிறது. டவருக்கு அடியில் இருப்பவரைவிட அரை கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு விழுவது அதிகம், அதுவும் மிக மிகக் குறைவே. நகரத்தில் ஆன்டெனாவுக்கு நேர் எதிரே, அதே உயரத்தில் மாடி வீடு இருந்தால் கணக்கு மாறும். அதற்காகத்தான் அங்கே விட வேண்டிய இடைவெளிக்கென்று விதி இருக்கிறது. உங்கள் தோப்பில் அந்த நிலைமை இல்லை.

இன்னொன்று, எக்ஸ்ரேவும் இதுவும் ஒரே வகை அல்ல. 3500 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு துகளுக்கு இருக்கும் ஆற்றல், அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்கத் தேவையானதில் பல லட்சத்தில் ஒரு பங்கு. சூரிய வெளிச்சத்தின் துகளுக்கே இதைவிட லட்சம் மடங்குக்கும் மேல் ஆற்றல் உண்டு. ரேடியோ அலை செய்யக்கூடியது சூடாக்குவது, அந்த அளவுக்கெல்லாம் டவரிலிருந்து வருவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-ல் ரேடியோ அலைகளை 2பி பிரிவில், அதாவது "புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கலாம், ஆனால் சான்று குறைவு" என்ற வகையில் வைத்தது உண்மை. மனுவில் அதை எழுதியிருப்பார்கள். ஆனால் அந்த முடிவுக்கு முக்கிய அடிப்படை காதில் வைத்து நெடுநேரம் போன் பேசுகிறவர்களைப் பற்றிய ஆய்வுகள், டவர் பக்கத்து வீடுகள் அல்ல. 2024-ல் அதே உலக சுகாதார நிறுவனம் கேட்டுச் செய்யப்பட்ட பெரிய ஆய்வுத் தொகுப்பு, செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்றே சொன்னது.

அப்படியும் மகள் விஷயத்தில் கவனமாக இருக்க விரும்பினால், பார்க்க வேண்டியது கையில் இருக்கும் போனைத்தான். உடம்புக்கு மிக அருகில் இருக்கும் ரேடியோ அதுதான். சமையலறையில் மைனஸ் 116-ல் போனைக் காதோடு ஒட்டி வைத்து அரை மணி நேரம் பேசுவதை மட்டும் தவிர்த்தாலே போதும். மாடியிலோ திண்ணையிலோ பேசலாம், இயர்போன் போட்டுக்கொள்ளலாம். காதை விட்டு ஒரு சாண் தள்ளினாலே தலைக்கு வருவது பல மடங்கு குறைந்துவிடும்.

ஆகவே, டவரை எடுக்கச் சொல்லும் மனுவில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த டவர் போனால், இன்று ஒரு மில்லிவாட்டில் மெதுவாகப் பேசும் ஊர் போன்கள் எல்லாம், உங்கள் போனைப் போல 200 மில்லிவாட்டில் கத்தத் தொடங்கும். கதிர்வீச்சைக் குறைக்க நினைத்து அதைக் காதுப் பக்கம் கூட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். நடுராத்திரியில் மகளுக்கு வலி எடுத்தால் 108-க்குப் பேச வேண்டியதும் அந்த சிக்னலில்தான். உங்கள் சிம்மில் சிக்னலே இல்லாத நேரத்தில் 112-ஐ அழைத்தால், போன் வேறு கம்பெனியின் டவரைப் பிடித்து அனுப்பப் பார்க்கும் என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

உங்கள் சிம்மை என்ன செய்வது? மகள் வருவதற்குள் முடிகிற வழி, அந்த டவரில் இருக்கும் கம்பெனிக்கு உங்கள் எண்ணை மாற்றிக்கொள்வது. போர்ட் என்று டைப் செய்து, இடம் விட்டு உங்கள் எண்ணைப் போட்டு 1900-க்கு மெசேஜ் அனுப்பினால் வரும் குறியீட்டோடு கடைக்குப் போனால் சரி. எண் மாற வேண்டாம் என்பது மட்டுமல்ல, கம்பெனியும் மாற வேண்டாம் என்றால், வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு எடுத்து, போனில் வைஃபை காலிங்கை ஆன் செய்துகொள்ளுங்கள். அப்புறம் தகரக் கூரை ஒரு பொருட்டே இல்லை. தயவுசெய்து ஆன்லைனில் விற்கும் சிக்னல் பூஸ்டர் பெட்டியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அனுமதியில்லாமல் அதை வைப்பது சட்டப்படி குற்றம். அதோடு, அது டவரின் காதில் இரைச்சலைக் கொட்டும். உங்கள் வீட்டில் இரண்டு புள்ளி கூடும், பக்கத்தில் நூறு வீட்டுக்குப் பேச்சு அறுந்துபோகும். ஓர் ஊரே கம்பெனியைத் திட்டிக்கொண்டிருக்கும்போது காரணம் ஒரு மாடியில் இருந்த இந்தப் பெட்டியாக இருந்ததை வேலையில் பார்த்திருக்கிறேன்.

ஊர்க்காரர்களிடம் வெறுமனே "கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். அவர்கள் கவலையும் நியாயமானதுதான், அதைச் சரியான கேள்விகளாக மாற்றி மனுவைத் திருத்தி எழுதலாம். அதே தரங் சஞ்சார் தளத்தில் கட்டணம் கட்டி, உங்கள் ஊர் டவரின் அலை அளவை நேரில் வந்து அளக்கச் சொல்லிக் கேட்கலாம். தொலைத்தொடர்புத் துறையின் ஆட்கள் கருவியோடு வந்து அளந்து அறிக்கை தருவார்கள். நாலைந்து வீடு சேர்ந்து கட்டினால் பெரிய செலவில்லை. ஜெனரேட்டர் எந்த நேரம் ஓடுகிறது, புகையும் சத்தமும் எந்த வீட்டுப் பக்கம் போகிறது, இடி விழுந்தால் தாங்கும் எர்த்திங் சோதித்தார்களா, கஜா புயலில் தென்னை எல்லாம் சாய்ந்த மண்ணில் அந்தக் கம்பத்தின் அஸ்திவாரத்துக்கு யார் சான்று கொடுத்தார்கள், இவற்றையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். டவர் நிறுவனம் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்விகள் இவை. அளவீட்டு அறிக்கை வந்ததும் அதை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள், புரியாத எண் ஏதாவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள்.